மூன்று ஸ்லிப்பும் ஒரு வெள்ளிக் காலும்

நைனார்பாளையம்
17-2-2025

டேய் தமிழு,

அன்புள்ள என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். கை வரவில்லை. அதனால் இப்படியே ஆரம்பிக்கிறேன்.

போன் இருக்க எதற்குக் கடிதம் என்று கேட்பாய். என் போன் எப்போதும் உன் மருமகள் தனுஷா கையில். அதில் எது வந்தாலும் உன் மாமா எட்டிப் பார்ப்பார். அவரைப் பொறுத்தவரை, என் மாமியாரைப் பொறுத்தவரை, நீ கால் ஒடிந்து சேலத்தில் ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் கிடக்கிறாய். இன்னொன்றும் இருக்கிறது. உன் குரலைக் கேட்டால் எனக்குத் திட்ட வராது, அழுகைதான் வரும். உன்னை ஒழுங்காகத் திட்ட வேண்டும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அன்றைக்குக் கோயிலில் நடந்ததை அம்மா உனக்கு முழுசாகச் சொல்லியிருக்க மாட்டாள். நான் சொல்கிறேன், படி.

அம்மா பஸ்ஸில் வந்து இறங்கினாள். கார் வைத்திருக்கிற பிள்ளை பெற்றவள், பேத்தி காதுகுத்துக்குச் சீர்த்தட்டை மடியில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் நசுங்கி வந்தாள். வாழைப்பழம் கறுத்துப் போயிருந்தது. கற்கண்டுத் தட்டு பாதி காலி. கேட்டால், "தம்பி வண்டி ஒர்க்ஷாப்புல கீதுமா. எடுத்துக்கினு நேரா வந்துடுவான். தோடு அவன்கிட்டதான் கீது" என்றாள். நீ சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொன்னாள், பாவம்.

ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தனுஷா நான் தைத்த பச்சைப் பாவாடையோடு கோயில் வாசலில் நின்று ரோட்டையே பார்க்கிறாள். எந்த வெள்ளைக் கார் வந்தாலும் "மாமா!" என்று குதிக்கிறாள். "வெயிலா கீது, உள்ள வாடி" என்றால், "மாமா மடியிலதான் குத்திக்குவேன், நீ போ" என்கிறாள். ஐந்து வயசுக்கு அந்தப் பிடிவாதம் ஜாஸ்தி, ஆனால் சொன்னது நியாயம். தாய்மாமன் மடி இல்லாமல் எந்தப் பிள்ளைக்குக் காது குத்துகிறார்கள்?

நல்ல நேரம் முடியப் போகிறது. என் மாமியார் எல்லார் முன்னாலும் கேட்டார்: "இன்னா சுதா, உன் தம்பி வந்துக்கினு இருக்கானா, இல்ல இனிமேதான் பொறக்கப் போறானா?" பந்தலே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். வேறு என்ன செய்வது?

உனக்கு எத்தனை தடவை போன் அடித்தேன் தெரியுமா? எடுக்கவில்லை. ஒருவேளை ஏதாவது ஆகிவிட்டதோ என்று வாட்ஸ்அப்பைத் திறந்தேன். உன் ஸ்டேட்டஸ் மேலேயே நிற்கிறது. ஒரு வெள்ளைத் துண்டுக் காகிதம், உன் கட்டைவிரல், கீழே எழுத்து: "18.04. இன்னும் கொஞ்சம்!" பக்கத்தில் நெருப்புப் பொம்மை வேறு.

மாமியார் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "இன்னாம்மா அது?" என்றார். போனை மூடினேன். வாய் தானாகத் திறந்தது. "தம்பிக்கு ஆக்ஸிடென்ட் ஆயிடுச்சாம் அத்தை. கால் ஒடிஞ்சிடுச்சாம்."

பொய் சொல்கிறோம் என்றுகூட அப்போது தோன்றவில்லை. உன் கால் ஒடிந்தால் தேவலை என்று அந்த நிமிஷம் எனக்கு இருந்தது. அதுதான் வாயில் வந்தது.

சித்தப்பா மகன் பூமாலைதான் உன் இடத்தில் உட்கார்ந்தான். தோடு உன்னிடம் இருந்ததால், வளையல் கடையில் கில்ட் தோடு வாங்கிப் போட்டார்கள். பிள்ளை காதுவலிக்கு அழவில்லை. "மாமாவுக்குக் கால் வலிக்குமா?" என்று கேட்டு அழுதாள். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

கல்வராயன் மலையில் அம்மா உன்னைக் கொண்டுபோய் விட்ட இடத்திலேயே கிட. கீழே இறங்கி எவன் கண்ணிலாவது பட்டாய் என்றால் என் குடித்தனம் சந்தி சிரிக்கும். ஸ்டேட்டஸ் கீட்டஸ் என்று எதையாவது பார்த்தேன் என்றால் கையை ஒடிப்பேன். என் தையல் கடை விலாசத்துக்குப் பதில் எழுது. ஒன்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். என் மகளைவிடப் பெரிசாக அந்தத் துண்டுக் காகிதத்தில் என்னதான்டா எழுதியிருந்தது?

சுதா


கரியாலூர்
25-2-2025

அக்காவுக்கு,

கடிதம் வந்து மூன்று நாள் சட்டைப்பையிலேயே இருந்தது. பிரிக்கப் பயம். நேற்று மரவள்ளி லோடு ஏற்றிவிட்டு, பிக்கப் வண்டிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். நீ எழுதியதற்கு மேல் நானே என்னைத் திட்டிக்கொள்ள ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

பூமாலை நல்லவன். அவன் உட்கார்ந்ததில் எனக்கு வருத்தம் இல்லை என்று எழுத நினைத்தேன். அது பொய். வயிறு எரிகிறது.

கேட்டாய், அதனால் சொல்கிறேன். சமாதானம் சொல்வதாக நினைக்காதே.

உளுந்தூர்பேட்டைப் பக்கம் பாழாய்க் கிடக்கும் பழைய விமான ஓடுதளத்தில் அன்றைக்குப் போட்டி. இரண்டு கார்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். எதிரே கம்பத்தில் விளக்கு. பச்சை எரிந்ததும் கிளம்ப வேண்டும். கால் மைல் தூரம், அவ்வளவுதான், ஒரு கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் ஆகிவிடும். முடித்துத் திரும்பினால் கூடாரத்தில் ஒரு மிஷின் துண்டுக் காகிதம் கக்கும். அதற்கு டைம் ஸ்லிப் என்று பெயர். அன்றைக்கு நான் வாங்கிய மூன்றையும் இதோடு வைத்திருக்கிறேன். மேலிருந்து கீழே படி.

முதல் வரி, பச்சை விளக்கு எரிந்த பிறகு நான் கிளம்ப எடுத்துக்கொண்ட நேரம். இது மொத்தக் கணக்கில் சேராது. சக்கரம் கோட்டைத் தாண்டினால்தான் கடிகாரமே ஓட ஆரம்பிக்கும். அதனால் நீ விளக்கைப் பார்த்துக்கொண்டே தூங்கினாலும் உன் ஸ்லிப் அழகாக வரும். பக்கத்துத் தடத்தில் நிற்பவன் மட்டும் உனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருப்பான்.

அடுத்தது முதல் அறுபது அடி. ஸ்லிப்பில் உயிரே இதில்தான். டயர் தரையைப் பிடித்ததா, வழுக்கியதா, கிளட்ச்சை ஒழுங்காக விட்டேனா என்று எல்லாம் இதில் தெரிந்துவிடும். இங்கே விட்டதைக் கடைசி வரை பிடிக்க முடியாது. அதன் பிறகு நடுவில் சில வரிகள். கடைசியில் மொத்த நேரம், அதன் கீழே கோட்டைத் தாண்டும்போது இருந்த வேகம். இன்ஜினுக்குத் தெம்பு இருக்கிறதா என்று அந்த வேகம் சொல்லும். வேகம் நன்றாக இருந்து நேரம் மோசமாக இருந்தால், காரில் குற்றம் இல்லை, ஓட்டியவனிடம்தான் குற்றம்.

நம்முடையது சாதாரண வீட்டுக் கார். பதினெட்டு நொடிக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது என் வெறி. இன்ஜினில் கை வைக்கப் பணம் வேண்டும். எடையைக் குறைக்க ஸ்பானர் போதும். பின் இருக்கையைக் கழற்றினேன். முன்னால் பக்கத்து இருக்கையையும் கழற்றினேன். ஸ்டெப்னி, ஜாக்கி, காற்றடிக்கும் பம்பு, மிதியடி எல்லாம் வெளியே. அம்மாவை ஏன் பஸ்ஸில் அனுப்பினேன் என்று இப்போது உனக்குத் தெரிந்திருக்கும். வண்டி ஒர்க்ஷாப்பில் இல்லை. வாசலில்தான் நின்றது. அம்மா உட்கார அதில் இடம் இல்லை.

ஒரே ஒரு ஓட்டம், காலையிலேயே முடித்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். முதல் ஸ்லிப் சுமார். இரண்டாவது 18.04. அந்த நாலைப் பார்த்ததும் எனக்குப் புத்தி கெட்டுவிட்டது அக்கா. மூன்றாவதுக்கு வரிசையில் நின்றேன். வரிசை நீளம். நீ போன் அடித்தது தெரியும். கையில்தான் போன் இருந்தது. தெரியாமல் இல்லை.

டயர் நன்றாகப் பிடிக்க வேண்டும் என்று முன் சக்கரம் இரண்டிலும் காற்றைக் கம்மி பண்ணுவோம். முடித்ததும் திரும்ப அடித்துக்கொள்ள வேண்டும். பம்பு வீட்டில். பங்க்கில் நிறுத்தி அடிக்கலாம் என்றால் நேரம் இல்லை. அந்தத் தொள தொள டயரோடு நாற்கரச் சாலையில் பறந்தேன். தியாகதுருகம் தாண்டுவதற்குள் சூடேறிப் பக்கவாட்டில் கிழிந்தது. ஸ்டெப்னி எங்கே? வீட்டில், கட்டிலுக்கு அடியில்.

வண்டியைப் போட்டுவிட்டு லாரி பிடித்துச் சின்னசேலம் வந்து இறங்கினேன். அப்போதுதான் அம்மா போன் வந்தது. "நீ வராதடா. உனக்குக் கால் ஒடிஞ்சிருக்குது" என்றாள். பஸ் ஸ்டாண்டில் இரண்டு காலில் நின்றுகொண்டு அதைக் கேட்டேன்.

தோடு என்னிடம்தான் இருக்கிறது. தனுஷாவுக்குக் காது ஆறிவிட்டதா?

தமிழரசன்


நைனார்பாளையம்
4-3-2025

தமிழு,

உன் மூன்று ஸ்லிப்பையும் தையல் மிஷின் மேல் வரிசையாகப் பரப்பி வைத்துப் படித்தேன். ஜாக்கெட் வாங்க வந்த கமலா, "இன்னாக்கா, கரண்டு பில்லா?" என்றாள். ஆமாம் என்றேன். இப்போது எனக்குப் பொய் தண்ணீர் பட்ட பாடு.

நீ சொன்ன மாதிரிதான் படித்தேன். மூன்றாவதில் அறுபது அடி நேரம் மற்ற இரண்டையும்விட ஜாஸ்தி. கடைசி வேகம் மட்டும் அதேதான். அப்படியானால் கார் நன்றாகத்தான் ஓடியிருக்கிறது, நீதான் கிளம்பும்போது சொதப்பியிருக்கிறாய். மொத்த நேரமும் இரண்டாவதைவிட மோசம். என் பிள்ளை வெயிலில் நின்று ரோட்டைப் பார்த்த நேரத்தில் நீ போய் வாங்கி வந்தது இதைத்தானா? அட, ஜெயித்தாவது வந்திருக்கக் கூடாதா?

முதல் வரி கணக்கில் சேராது என்று எழுதியிருந்தாய். பக்கத்துத் தடத்தில் நிற்பவனுக்குத்தான் அது தெரியும் என்றாய். நான் பக்கத்துத் தடத்தில் நின்றேன்டா. எனக்குத் தெரியும்.

அதை விடு. இப்போது வந்திருக்கிற வினையைக் கேள்.

கில்ட் தோடு தனுஷாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வலது காது தப்பித்தது. இடது காது சீழ் வைத்து, தோட்டைக் கழற்றி மருந்து போட்டதில் ஓட்டை மூடிக்கொண்டது. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறேன், மாமியார் வந்து, "எதுக்கு அழுவுற? மாமன் மடியில குத்தணும்னுதான் அம்மன் ஒரு காதை மூடி வச்சிருக்குது. தம்பி கால் சரியாவட்டும், அவன் மடியிலயே மறுபடி குத்திக்கலாம்" என்றார். பந்தலில் என்னைச் சிரிக்க வைத்த அதே வாய்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. உன் கால் சரியாக வேண்டும் என்று அம்மனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறார். தட்டானிடம் சொல்லி, தகட்டில் ஒரு வெள்ளிக் கால் செய்து சாமி மாடத்தில் வைத்திருக்கிறார். நீ வந்து உன் கையால் உண்டியலில் போட வேண்டுமாம். நீ நடக்கிற வரைக்கும் காலில் செருப்பு போட மாட்டாராம். இந்த வெயிலில் காட்டுக்கும் கடைக்கும் வெறும் காலோடு போய் வருகிறார் தமிழு. நேற்று ராத்திரி பாதத்தில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். "இன்னா அத்தை, செருப்பைப் போடக் கூடாதா?" என்றேன். "வயசுப் பையன் கட்டுப் போட்டுக்கினு கெடக்கிறான். எனக்கு இன்னா கேடு?" என்றார்.

எனக்கு அந்த வீட்டில் சோறு இறங்கவில்லை. அவர் நடந்து வரும் சத்தம் கேட்டாலே சமையல்கட்டுக்குள் ஓடிவிடுகிறேன். கெட்டவராக இருந்தால்கூடத் தாங்கிக்கொள்ளலாம்.

யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். ஏப்ரல் ஆறு ஞாயிற்றுக்கிழமை நாள் பார்த்திருக்கிறார்கள். நீ வா. இடது காலில் முட்டிக்குக் கீழே ஒரு கட்டுப் போட்டுக்கொள். ஊன்றி ஊன்றி நட. உண்டியலில் போட்டுவிட்டால் அவர் செருப்புப் போட்டுக்கொள்வார், பிள்ளைக்குக் காது குத்தியாகிவிடும், என் மானமும் தப்பிக்கும். ஒரு நாள் நொண்டுவதற்கு உனக்கு என்ன?

சுதா


கரியாலூர்
14-3-2025

அக்கா,

நொண்டிப் பார்த்தேன். முடியாது.

நடந்ததைச் சொல்கிறேன், சிரிக்காதே. நான் இங்கே அண்டிக்கொண்டிருக்கிற பொன்னுரங்கம் பெரியப்பாவை நீ பார்த்ததில்லை. அப்பாவோடு ஒரு காலத்தில் லோடு ஓட்டியவர். இந்த மலைதான் அவருக்குச் சொந்த ஊர். அம்மா கொண்டுவந்து விட்டபோது, ஏன் எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. "பையன் குந்தியிருக்கட்டும், ஒரு வாய் சோத்துல இன்னா கொறஞ்சிடப் போவுது" என்றார். அவருடைய பிக்கப் வண்டியைத்தான் இப்போது ஓட்டுகிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாள், ஷெட்டுக்குப் பின்னால் யாரும் இல்லை என்று பார்த்து, காலில் துணியைச் சுற்றிக்கொண்டு நடந்து பழகினேன். முதலில் கால் எங்கே மடங்க வேண்டும் என்றே தெரியவில்லை. பிறகு சரியாக வந்தது. இடது காலை ஊன்றும்போது தோளை இறக்கி, கையைத் தொடையில் வைத்து, பிடித்துப் பிடித்து நடந்தேன். நன்றாகவே வந்தது. யாரைப் பார்த்து அது எனக்கு வந்தது என்று நான் யோசிக்கவில்லை.

திரும்பினால் பொன்னுரங்கம் பெரியப்பா நிற்கிறார். மரவள்ளி லாரி சாய்ந்து நசுங்கிய கால் அவருக்கு. இடது கால். தோளை இறக்கி, தொடையில் கை வைத்துத்தான் நடப்பார். தினமும் நான் பார்க்கும் நடை அது.

அவர் கோபப்படவில்லை. "என்னைப் பாத்தா உனக்குச் சிரிப்பா கீதா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

அக்கா, பூமி பிளந்து உள்ளே போகக் கூடாதா என்று இருந்தது. "இல்ல பெரியப்பா, இல்ல பெரியப்பா" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். துணியை அவிழ்க்கிறேன், முடிச்சு அவிழவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் சொன்னேன். காதுகுத்து, ஸ்லிப், டயர், உன் பொய், வெள்ளிக் கால், எல்லாம். கேட்டுவிட்டு ஒரு பீடியைக் குடித்து முடித்தார். பிறகு, "அந்தம்மா வெறுங்கால்ல நடக்குதா?" என்றார். ஆமாம் என்றேன். "எந்திரி, லோடு ஏத்தணும்" என்றார். அவ்வளவுதான். அன்றைக்கு முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் ஆறாம் தேதி வருகிறேன். இரண்டு காலில் வருகிறேன். உன் மாமியாரிடம் நானே சொல்லிவிடுகிறேன். பழி என்மேல் இருக்கட்டும். அக்காவை நான்தான் பொய் சொல்லச் சொன்னேன் என்று சொல்கிறேன்.

தமிழரசன்


நைனார்பாளையம்
21-3-2025

தமிழு,

உனக்கு மூளை கலங்கிவிட்டதா? சொல்கிறானாம், பழியை ஏற்றுக்கொள்கிறானாம். நீ சொல்லிவிட்டுப் பஸ் ஏறிப் போய்விடுவாய். அந்த வீட்டில் விடிந்தால் முழிக்க வேண்டியவள் நான். உன் மாமா என்னை அடிக்க மாட்டார், திட்டக்கூட மாட்டார். "அப்படியா" என்பார். அந்த ஒரு வார்த்தையோடு நான் எத்தனை வருஷம் இருப்பது?

இதை எழுதிவிட்டு நடுவில் நிறுத்திவிட்டேன். இப்போது மறுநாள்.

காலையில் மாமியார் முள் குத்தி வந்து உட்கார்ந்தார். கண் சரியாகத் தெரியவில்லை, எடுத்துவிடு என்று காலை நீட்டினார். ஊக்கால் நான்தான் எடுத்தேன். பாதம் பாளம் பாளமாக வெடித்திருக்கிறது. நான் பாதியில் நிறுத்தியதைப் பார்த்து, "வலிக்கலடி, பயப்படாம எடு" என்று எனக்குத் தைரியம் சொல்கிறார்.

நீ என்னைப் பொய் சொல்லச் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். அது இன்னொரு பொய். நான்தான் சொன்னேன். நானே சொல்லிவிடுகிறேன், நீ வருவதற்கு முன்னாலேயே. எப்படியும் சொல்லிவிடுவேன்.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா. பஸ்ஸில் இல்லை.

சுதா


நைனார்பாளையம்
9-4-2025

தமிழு,

நான் சொல்லவில்லை என்பது உனக்கே தெரிந்துவிட்டது. ஒவ்வொரு நாளும் நாளைக்கு நாளைக்கு என்று, ஞாயிற்றுக்கிழமை வந்தேவிட்டது. பச்சை எரிந்து எத்தனை நாளாக நான் கோட்டிலேயே நின்றேன், பார். உன்னைச் சொல்ல எனக்கு வாய் இல்லை.

கோயில் வாசலில் கார் வந்து நின்றபோது முதலில் அம்மாதான் கண்ணில் பட்டாள். பின் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து, தட்டெல்லாம் வரிசையாக அடுக்கி, பட்டுச் சேலை கசங்காமல் வந்தாள். அப்புறம் நீ கதவைத் திறந்தாய். ஒரு காலை வைத்தாய், இன்னொரு காலை வைத்தாய், நேராக நின்றாய்.

நல்லவேளை, தனுஷா உள்ளே பூமாலையோடு பூ வாங்கிக்கொண்டிருந்தாள். மாமியார் உன் காலைப் பார்த்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். நீ வாயைத் திறந்தாய். நான் முந்திக்கொண்டேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை. "பொய் அத்தை. நான்தான் சொன்னேன். அவனுக்கு ஒண்ணும் ஆவல. ரேசுக்குப் போயிட்டான். எல்லாரும் சிரிச்சாங்க, எனக்குத் தாங்கல, சொல்லிட்டேன்."

உன் மாமா எதிர்பார்த்த மாதிரியே "அப்படியா" என்றார். சொல்லிவிட்டுப் பந்தலுக்குப் போய்விட்டார். மாமியார் அந்தச் சுடுகல்லில் வெறும் காலோடு நின்றுகொண்டிருந்தார். ஏதாவது கத்தமாட்டாரா என்று இருந்தது. இடுப்பில் சொருகியிருந்த சுருக்குப்பையை எடுத்தார், வெள்ளிக் காலை உன் கையில் வைத்தார். "கால் நல்லா ஆவணும்னு கேட்டேன். நல்லாத்தான் கீது. நேந்துக்கினது நேந்துக்கினதுதான். போய்ப் போடு."

நீ உண்டியலில் போட்ட சத்தம் எனக்குக் கேட்டது. அன்று முழுக்க அவர் என்னோடு பேசவில்லை. திங்கட்கிழமையும் பேசவில்லை. நேற்றுக் காலையில், "என் செருப்பை எங்கடி வச்ச?" என்றார். எடுத்து வந்து காலடியில் வைத்தேன். போட்டுக்கொண்டு காட்டுக்குப் போனார். அவ்வளவுதான். மன்னித்தாரா என்று கேட்காதே. எனக்குத் தெரியாது. உன் மாமா இன்னும் "அப்படியா"விலேயே இருக்கிறார்.

நீ ரேசை விட்டுவிட்டதாக அம்மா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். நீ ஆமாம் என்று சொல்லவில்லை, பார்த்தேன். நான் விடச் சொல்லவில்லை. அம்மா உட்கார இடம் வைத்து ஓட்டு. அதற்கு எவ்வளவு நொடி ஆகிறதோ ஆகட்டும்.

கேட்க வந்தது வேறு. பிள்ளை உன் மடியில் உட்கார்ந்தாள். ஆசாரி ஊசி போட்டபோது ஒரு சத்தம் போடவில்லை. எல்லாரும் கை தட்டினோம். அப்போது உன் காதில் ஏதோ சொன்னாள். உன் முகம் செத்துவிட்டது. தோட்டைப் போட்டதும் எழுந்தவன், கறிச்சோறு போட்டு இலை காய்ந்துகொண்டிருக்கிறது, அம்மாவை வீட்டில் விடும்படி பூமாலையிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, ஒருவரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டாய். மாமியார்கூட, "எங்கடி அவன், துன்னாமப் போயிட்டானா?" என்று தேடினார். தனுஷாவிடம் என்ன சொன்னாய் என்று கேட்டால், "அது மாமாவுக்கு மட்டும்" என்கிறாள். என்னடா சொன்னாள்?

சுதா


கரியாலூர்
15-4-2025

அக்கா,

இதை நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. எழுதிவிடுகிறேன்.

மடியில் உட்கார வந்ததும் முதலில் மெதுவாகக் கேட்டாள்: "மாமா, ஒடிஞ்ச கால் எது?"

நாம் பெரியவர்கள் எல்லாரும் வாசலிலேயே பேசி, கேட்டு, முடித்துக்கொண்டோம். அவளிடம் யாரும் சொல்லவில்லை. நான் தோட்டை எடுக்கிற மாதிரி குனிந்துகொண்டேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எந்தக் காலாக இருந்தாலும் பாரம் போடக் கூடாது என்று தானே முடிவு பண்ணிக்கொண்டாள். என் தொடையில் அவள் பாவாடைதான் பட்டது. உடம்பு படவில்லை. இரண்டு காலையும் தரையில் ஊன்றி, என் கையைப் பிடித்துக்கொண்டு, பாதி நின்றும் பாதி உட்கார்ந்தும் இருந்தாள். நீங்கள் எல்லாரும் உட்கார்ந்துவிட்டாள் என்று நினைத்தீர்கள். அவளுடைய சின்னத் தொடை நடுங்குவது எனக்குத் தெரிந்தது.

"நல்லா உக்காரு பாப்பா, மாமாவுக்கு வலிக்கல" என்றேன். கேட்கவில்லை. ஊசி காதுக்குள் போனபோதும் அசையவில்லை. அசைந்தால் என் காலில் பாரம் விழும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அதற்குத்தான் நீங்கள் கை தட்டினீர்கள்.

அப்புறம்தான் காதில் சொன்னாள். "நான் வெயிட்டே போடல மாமா. வலிச்சா சொல்லு, எந்திரிச்சிக்கிறேன்."

அக்கா, அந்தக் காரில் எது எது எத்தனை கிலோ என்று எனக்கு மனப்பாடம். இருக்கைக்கு இவ்வளவு, ஸ்டெப்னிக்கு இவ்வளவு என்று தராசு வைத்துப் பார்த்துக் கழற்றியவன் நான். அன்றைக்கு என் மடியில் அவள் எடை ஒன்றுமே இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. அதோடு எப்படி உட்கார்ந்து கறிச்சோறு தின்பது?

அவளிடம் நீ எதுவும் சொல்லாதே. அவள் அப்பாவையும் சொல்ல வேண்டாம் என்று சொல். நான் வந்து சொல்கிறேன். எந்தக் காலும் ஒடியவில்லை பாப்பா, மாமா வரவில்லை, அவ்வளவுதான் என்று அவள் முகத்தைப் பார்த்து நான்தான் சொல்ல வேண்டும். அதற்கு அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். கேட்டுவிட்டு, அவளுக்கு மனசு இருந்தால், மடியில் நன்றாக உட்காரச் சொல்லப் போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மலையிலிருந்து இறங்கும் முதல் பஸ்ஸில் வருகிறேன். அத்தையிடம் எனக்கும் சேர்த்து உலை வைக்கச் சொல்.

தமிழு